டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் குளிர்காலத்தில்: எந்த வண்டி, எந்தச் சாலை?

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன் கடைசியில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விடுகிறார்கள். ஜூலை மூன்றாம் வாரத்தில் திறக்கிறார்கள். ஆடி பிறப்பதும் அதையொட்டித்தான். ஆடி வெள்ளியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டில் நெடும்பயணம் என்றால் இந்த மூன்று வாரத்துக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கேப் டவுன் வரை குடும்பத்தோடு சாலை வழியே போவதென்று பொங்கலுக்கே முடிவாகிவிட்டது. எதில் போவது, எந்த வழியாகப் போவது என்பதைத் தீர்மானிக்கத்தான் மூன்று மாதம் பிடித்தது. விசாரித்ததையும் கணக்குப் பார்த்ததையும் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல் வயதானவரையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் செல்கிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இளவட்டங்கள் இருவர் மட்டும் போவதானால் இதில் பாதிக் கவலை அவர்களுக்குத் தேவையில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், பதினான்கு வயது மகள், பத்து வயது மகன், எழுபதைத் தாண்டிய என் மாமியார். அவரை நான் அத்தை என்று அழைக்கிறேன், பிள்ளைகளுக்கு ஆயா. அத்தைக்கு முழங்கால் வலி உண்டு, இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார். இந்த ஒரு செய்தியே பாதி முடிவை எடுத்துவிட்டது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எல்லோரும் முதலில் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வரைபடத்தை விரித்தேன். ஆனால் நம் குளிர்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது சூரியனை. ஜூன் இறுதியில் டர்பனில் மாலை ஐந்து மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடுகிறது. கேப் டவுனில் காலை ஏழே முக்கால் கடந்துதான் உதிக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், மேற்கே போகப் போக விடியல் தள்ளிப்போகும். எந்த ஊரில் இருந்தாலும் வெளிச்சம் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறையத்தான். அதில் காலைப் பனி விலகக் காத்திருப்பது, சாப்பாடு, அத்தை காலை நீட்டி நடப்பது, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக முகாமுக்குள் நுழைந்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவது எல்லாம் அடங்க வேண்டும். மிஞ்சுவது ஐந்து, ஆறு மணி நேர ஓட்டம். ஒரு நாளைக்கு 400 கி.மீ.க்கு மேல் எழுதாதீர்கள். அதற்கு மேல் எழுதுகிற திட்டம் இரவில் ஓட்டுவதில்தான் போய் முடியும். இந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் இரவில் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

வண்டிக்கு வருகிறேன். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: சொந்தக் காரில் போய் அறை எடுத்துத் தங்குவது, பக்கி என்கிற பிக்கப் வண்டியின் பின்னால் கேரவன் கட்டி இழுத்துப்போவது, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுப்பது. கூரைமேல் கூடாரம் விரிக்கும் வண்டியை மகன் ஆசையோடு காட்டினான். முழங்கால் வலி உள்ளவரை நள்ளிரவில் ஏணியில் இறக்கி ஏற்ற முடியாது என்பதால் அதை அன்றே விட்டுவிட்டோம்.

கேரவனைக் கணவர் மிகவும் விரும்பினார். ஓர் இடத்தில் கழற்றி வைத்துவிட்டு ஊர் சுற்ற பக்கி கையில் இருக்கும். சமையலறையையும் படுக்கையையும் தினமும் இழுத்தடிக்க வேண்டியதில்லை. நியாயம்தான். ஆனால் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்கு ஈபி வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஐந்து பேர் படுக்கும் கேரவன் எதுவும் அந்த எடைக்குள் நிற்காது. கணவரின் உரிமத்தில் பி மட்டும்தான் இருக்கிறது. உரிமம் ஒரு பக்கம் இருக்க, என்2 சாலை கெய் ஆற்றுக்கு இறங்கி ஏறும் மலைவெட்டுச் சரிவையும், கரூ சமவெளியில் ஆகஸ்ட் வரை வீசும் பக்கக் காற்றையும் நினைத்துப் பாருங்கள். கேரவன் இழுத்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. முதல் முறை இழுப்பவர் 1,700 கி.மீ. பயணத்தில் கற்றுக்கொள்ளக் கூடாது.

மோட்டார்ஹோம் எடுப்பதற்கு முன் நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம், சென்ற ஜூலையில் மூன்று இரவு ஒத்திகை பார்த்தது. டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஒரு முகாம். வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் இரவு அத்தைக்காக மின்சாரக் கணப்பைப் போட்டிருந்தோம். விடியற்காலை நான் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டதும் வண்டி முழுவதும் இருண்டுவிட்டது. முகாமின் மின்கம்பத்தில் உள்ள நீலச் செருகியில் கிடைப்பது 16 ஆம்பியர். கணப்பு 2,000 வாட், கெட்டில் 2,000 வாட். 230 வோல்ட்டில் ஒவ்வொன்றும் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தாங்காது. இருட்டில் கம்பளிச் சால்வையோடு வெளியே போய்க் கம்பத்தின் சுவிட்சைத் தேடினேன். தரையெல்லாம் உறைபனி, மிதித்தால் நொறுங்குகிற சத்தம். திரும்பி வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. வெளிக்குழாயிலிருந்து வண்டிக்கு வரும் ரப்பர் குழாய் கட்டைபோல் விறைத்துக் கிடந்தது.

இரண்டாம் நாள் இன்னொன்று தெரிந்தது. இரவு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு சோறும் சாம்பாரும் வைத்தேன். ஐந்து பேரின் மூச்சும் அந்த ஆவியும் கூரையில் படிந்து, காலையில் மகளின் தலையணைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. போர்வை ஈரம், உடுப்பு ஈரம், அந்த ஈரத்தை உலர்த்த வெயில் வர ஒன்பது மணி ஆயிற்று.

இவை எதுவும் மோட்டார்ஹோம் வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல. இரவில் குழாயைக் கழற்றிவிட்டு, தொட்டியில் நிரப்பிய தண்ணீரைப் பயன்படுத்தினால் உறையும் தொல்லை குறையும். சமையலை மாலை ஐந்து மணிக்குள் கதவைத் திறந்துவைத்து முடித்துவிடலாம். கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவு எப்போதும் திறந்தே வைக்க வேண்டும். குளிருக்காகக் காஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காஸைப் பற்றி இன்னொன்று: பூட்டேன் மிகுந்த காஸ் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது ஆவியாகாமல் உருளையிலேயே தங்கிவிடும். புரோப்பேனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உருளையில் என்ன இருக்கிறது என்று நிரப்பித் தருகிறவரிடம் கேளுங்கள்.

ஒத்திகையில் மோட்டார்ஹோமின் பெருமையும் தெரிந்தது. அத்தை இரவில் எழுந்தபோது நான்கு எட்டு வைத்தால் கழிவறை. வெளியே குளிரில் டார்ச் பிடித்துக்கொண்டு முகாமின் பொதுக் கழிவறைக்கு நடக்க வேண்டியதில்லை. பகலில் சாலையோரம் எங்கே நிறுத்தினாலும் அவருக்கு ஒரு கட்டில், ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள் இருந்தது. வெளிவாசல் படி மட்டும் உயரம். ஒரு சிறு மரப்பெட்டியைப் படிக்குக் கீழே போட்டுச் சமாளித்தோம். இந்த முறையும் அது வருகிறது.

காரும் அறையும் என்பதுதான் செலவு குறைந்த வழி. சந்தேகமே இல்லை. மோட்டார்ஹோம் 100 கி.மீ.க்கு 14 லிட்டர் டீசல் குடித்தது. எங்கள் கார் அதில் பாதிதான் குடிக்கும். வாடகை தனி, கிலோமீட்டர் வரம்பு தனி, முகாமின் இடவாடகை தனி. பெரிய வாடகை நிறுவனங்களின் கிடங்குகள் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும்தான் உள்ளன. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் அதற்கும் கட்டணம். நாங்கள் டர்பனிலேயே வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் எடுத்ததால் போய் வருவது இரண்டும் சாலை வழியே என்றாகிவிட்டது. அறையில் தங்கினால் வெந்நீரும் கனத்த மெத்தையும் உறுதி. ஆனால் மூன்று வாரமும் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகப் போகும். அத்தைக்கு நடுவழியில் படுக்க இடம் இராது. செலவை மட்டும் பார்ப்பவர்கள் காரைத் தேர்ந்தெடுங்கள், தவறே இல்லை.

மோட்டார்ஹோம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனமாகக் கேட்டு வாங்குங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் வண்டியில் இடுப்புப்பட்டையோடு கூடிய இருக்கை நான்குதான் இருக்கலாம். படுக்கையை எண்ணாதீர்கள், பட்டையை எண்ணுங்கள். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண பி உரிமம் போதும். அதற்கு மேல் போனால் சி1 வேண்டும். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்முன் ஒட்டிவையுங்கள். கடைவளாக வாகன நிறுத்தங்களின் இரும்புக் குறுக்குக்கம்பி யாரையும் எச்சரிப்பதில்லை.

இனி சாலை.

நேர்வழி என்று எல்லோரும் சொல்வது என்3 நெடுஞ்சாலையில் ஏறி ஹாரிஸ்மித், என்5-இல் பெத்லகேம், விண்பர்க், பிறகு என்1-இல் புளூம்ஃபொன்டைன், கோல்ஸ்பர்க், போஃபர்ட் வெஸ்ட், லைங்ஸ்பர்க் வழியாகக் கேப் டவுன். ஏறத்தாழ 1,650 கி.மீ. தார் நல்ல தார், பெட்ரோல் நிலையங்களுக்குக் குறைவில்லை. கடைசியில் ஹெக்ஸ் ஆற்றுக் கணவாயில் இறங்கி, 1988-இல் திறந்த ஹ்யூகனாட் சுரங்கத்துக்குள் நாலு கி.மீ. போய் வெளியே வரும்போது மேற்குக் கேப்பின் பச்சை கண்ணில் அடிக்கும். வேகமாகப் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வழி நெடுகச் சரக்கு லாரிகள். கோல்ஸ்பர்க்குக்குப் பிறகு நாள் முழுவதும் ஒரே சமவெளி. மகன் இந்த வழிக்காக வாதாடியதற்குக் காரணம் சதர்லாந்து. மாட்ஜிஸ்ஃபொன்டைனில் திரும்பி ஆர்354-இல் 110 கி.மீ. வடக்கே போனால் சதர்லாந்து ஊர் வரும்; அதன் பக்கத்தில் 91 அறுகோணக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்த சால்ட் தொலைநோக்கி மலைமேல் நிற்கிறது. 2005 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாட்டிலேயே மிகக் குளிரான ஊர்களில் சதர்லாந்தும் ஒன்று. அங்கே போகிறவர்கள் மோட்டார்ஹோமை வாசலில் நிறுத்திவிட்டு அந்த ஓர் இரவுக்கு அறை எடுத்துக்கொள்ளுங்கள். வறட்டுக் கௌரவத்துக்காகக் குழந்தைகளைக் குளிரில் விறைக்கவிட வேண்டாம்.

இரண்டாவது வழி கடலோர என்2. போர்ட் ஷெப்ஸ்டோன், கோக்ஸ்டட், ம்தாதா, ஈஸ்ட் லண்டன், க்கெபெர்கா (பழைய போர்ட் எலிசபெத்), நைஸ்னா, ஜார்ஜ், ஸ்வெலண்டம். ஏறத்தாழ 1,700 கி.மீ. குளிர்காலத்துக்கு இதுவே சரியான வழி என்று பலரும் சொல்கிறார்கள்; கடலோரத்தில் இரவு உறைபனி இல்லை. ஸ்டார்ம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் தேசியப் பூங்காவின் முகாம் அலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 216 மீட்டர் உயரத்து ப்ளூக்ரான்ஸ் பாலம், ஆடோ தேசியப் பூங்காவின் யானைகள், சற்று விலகிப் போனால் ஜூன் முதலே ஹெர்மனஸ் விரிகுடாவுக்கு வந்து சேரும் திமிங்கிலங்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட எவ்வளவோ உண்டு. க்கெபெர்காவில் மலபார் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு, கோயில் உண்டு. ம்தாதாவைத் தாண்டியதும் சாலையோரத்திலேயே குனு. மண்டேலா சிறுவனாக மாடு மேய்த்த ஊர். 2013 டிசம்பரில் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

ஆனால் கோக்ஸ்டட்டுக்கும் கெய் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தனியாகத்தான் எடை போட வேண்டும். வேலி இல்லாத மேய்ச்சல் நிலம்; மாடும் ஆடும் மனிதரும் சாலையைக் கடப்பார்கள். சின்ன ஊர்களுக்குள் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். 2025 ஜூனில் ம்தாதாவிலும் சுற்றுவட்டாரத்திலும் வந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே புயல்தான் மலைகளில் பனியையும் கொட்டியது. கடலோர வழி என்றால் குளிர்கால ஆபத்து இல்லாத வழி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கோக்ஸ்டட்டில் இரவு தங்கி, விடிந்ததும் கிளம்பி, வெளிச்சத்திலேயே ஈஸ்ட் லண்டனை அடைந்துவிட வேண்டும். வழியில் வேறு எந்த ஆசையும் கூடாது.

மூன்றாவது வழியை எனக்குச் சொன்னவர் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா. கோல்ஸ்பர்க் வரை முதல் வழியே. அங்கே என்1-ஐ விட்டு என்9-இல் திரும்பி, மிடில்பர்க், க்ராஃப் ரெய்னெட், வில்லோமோர், யூனியன்டேல் வழியாக ஜார்ஜில் கடலைத் தொட்டு, பிறகு என்2. ஏறத்தாழ 1,850 கி.மீ. நீளம் அதிகம், லாரி குறைவு. 1786-இல் தோன்றிய க்ராஃப் ரெய்னெட்டின் வெள்ளைச் சுவர் வீடுகள், ஊரைச் சுற்றிய காம்டெபூ தேசியப் பூங்கா, அதன் முகாமில் விளக்கொளி தொடாத வானம். நட்சத்திரத்துக்காகச் சதர்லாந்து வரை போக வேண்டியதில்லை என்று மகனைச் சமாதானப்படுத்தியது இதைச் சொல்லித்தான். இதன் குறை பனி. மிடில்பர்க்குக்கும் க்ராஃப் ரெய்னெட்டுக்கும் நடுவே லூட்ஸ்பர்க் கணவாய் பனி கொட்டினால் மூடப்படும். அதற்கு முன்பே என்3-இல் வான் ரீனன் கணவாய் இருக்கிறது. 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் நினைத்திருந்தபோது, அங்கே பனியில் சிக்கிய வண்டிகளில் மக்கள் இரவைக் கழித்தார்கள்.

மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தபோது, ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தைத் தொடாத என்2-இல் போய் அதிலேயே திரும்புவது என்றுதான் நானும் கணவரும் முடிவெடுத்திருந்தோம். குளிர், பனி, முழங்கால் எல்லாம் அதையே சொல்லின. அன்று இரவு சாப்பாட்டின்போது அத்தை ஒன்று சொன்னார்.

1966-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. கிம்பர்லியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள், ஒரு பழைய வேன். டர்பனிலிருந்து கிம்பர்லிக்கு ஃப்ரீ ஸ்டேட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். இந்தியர்கள் அந்த மாகாணத்தில் குடியிருக்கக் கூடாது என்ற சட்டம் 1891-இல் வந்தது. அது நீங்கியது 1986-இல். கடந்து போகலாம், தங்க இடம் கிடையாது. ஹாரிஸ்மித்தில் இருட்டியது. அவருடைய அப்பா எங்கும் நிறுத்தவில்லை. பின்னால் இரண்டு டின்னில் பெட்ரோல், மடியில் வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. கழிவறை கேட்டுத் தங்கை அழுதபோது, மரங்கள் இருந்த ஓரிடத்தில் விளக்கை அணைத்துவிட்டு நிறுத்தினார். அம்மா சேலையை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டார். அத்தைக்கு நினைவிருப்பது குளிர். சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த தன் விரல்கள் மரத்துப்போனது. "அப்பா அன்றைக்கு விடியும்வரை ஓட்டினார். அந்த ஊர் பகலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த மகள் தாளை எடுத்து, ஃப்ரீ ஸ்டேட்டைக் கடந்து போகிற மூன்றாவது வழியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த வழியைக் குளிருக்குத் தக்கபடி அமைத்ததுதான். பனி விழக்கூடிய மலைவழியைப் போகும்போது வைத்தோம், கடலோரத்தைத் திரும்பும்போது வைத்தோம். காரணம் எளிது. கிளம்பும் நாள் நம் கையில் இருக்கிறது. வானிலை அறிக்கை குளிரலை வருவதை மூன்று நான்கு நாள் முன்பே சொல்லிவிடும், இரண்டு நாள் தள்ளிப் போகலாம். திரும்பும் நாள் நம் கையில் இல்லை, ஆடி நமக்காகக் காத்திருக்காது. அப்போது வான் ரீனனில் சாலை மூடினால் வழியில்லாமல் போய்விடும். கோக்ஸ்டட் பக்கமும் எப்போதாவது பனி விழும் என்பதால் திரும்பும் கணக்கில் இரண்டு நாள் சும்மா விட்டிருக்கிறோம்.

முதல் இரவு பெத்லகேம், இரண்டாவது காரீப் அணை, மூன்றும் நான்கும் க்ராஃப் ரெய்னெட், ஐந்தாவது வில்டர்னஸ், ஆறாவது ஸ்வெலண்டத்தின் போன்டெபோக் பூங்கா, ஏழாம் நாள் மதியம் கேப் டவுன். எந்த நாளும் 450 கி.மீ.யைத் தாண்டவில்லை, காரீப் போகும் நாள் ஒன்றுதான் 400-ஐத் தாண்டுகிறது. தேசியப் பூங்கா முகாம்களைப் பள்ளி விடுமுறைக்குப் பல மாதம் முன்பே பதிந்துவிட வேண்டும். நாங்கள் பதிந்தபோதே வில்டர்னஸில் மின்வசதியுள்ள இடம் இரண்டுதான் மிச்சமிருந்தது.

பெத்லகேமில் மட்டும் முகாம் வேண்டாம் என்று தீர்மானித்தோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம், ஜூலை இரவு, முழங்கால். ஊருக்குள் ஒரு விருந்தினர் விடுதி, தரைத்தளத்தில் அறை, மோட்டார்ஹோம் நிறுத்த முற்றம், மின்சாரப் போர்வை. படிவத்தில் தங்குபவர் பெயர் என்ற இடத்தில் கணவர் தன் பெயரை எழுதப் போனார். நான் தடுத்து அத்தையின் பெயரை எழுதச் சொன்னேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் தன் பெயரைப் படித்தார். அதற்குக் கீழே ஓர் இரவு என்று இருந்தது.

"இரண்டாகப் போடும்மா" என்றார்.